அவர் எழுந்து நின்றதற்கு நான் எழுதிய காரணங்கள்

பிற்பகல் மூன்று மணி கடந்து சில நிமிடங்களில் திரு. லாஸ்லோ சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். யாரும் அவரை எழுப்பவில்லை. கைகள் உடம்போடு ஒட்டியிருந்தன. முகவாய் சற்று உயர்ந்திருந்தது. பார்வை யார்மீதும் இல்லை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. பதினெட்டு நிமிடங்கள் நின்றார். கால்கள் நடுங்கத் தொடங்கியபின் நானும் அடுத்த முறைக்கு வந்த பணியாளரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உட்கார வைத்தோம். கால்சட்டை நனைந்திருந்தது.

முதல் அறிகுறி அதுதான். அதற்கு முன்பே அவருக்கு மறதி இருந்தது. வாஸ்குலர் டிமென்ஷியா (மூளையின் சிறு இரத்தக் குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபடுவதால் வரும் மறதி நோய்) என்று கண்டுபிடித்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் மறதி அவரை உட்கார வைத்திருந்தது. இது அவரை நிற்க வைத்தது.

மொன்றியலில் முதியவர்களைப் பராமரிக்கும் வேலையில் நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நானும் அந்த வேலைதான் செய்கிறேன். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருந்தேன். யார், எங்கே, எப்போது என்று எழுதும் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை.

திரு. லாஸ்லோவுக்கு வயது எண்பத்தொன்பது. ஹங்கேரியில் பிறந்த யூதர். ஒன்பது வயதில் தாயோடு ஜெர்மனியிலுள்ள ஒரு வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். தனியாகத் திரும்பினார். போருக்குப் பின் அநாதைப் பிள்ளைகளை ஏற்றிவந்த கப்பலில் கனடாவுக்கு வந்து, துணி வெட்டப் பழகி, பின் மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் சொந்தமாகக் குளிர் அங்கி தைக்கும் தொழிற்சாலை வைத்தார். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நான்காம் மாடி வீடு. மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் ஜூடித் பக்கத்து நகரமான லவாலில் இருக்கிறார், ஆசிரியை.

வேலைக்கு எடுத்தபோது ஜூடித் ஒரு நிபந்தனைதான் வைத்தார். "அப்பா கடைசிவரை இந்த வீட்டில் இருக்க வேண்டும். கட்டில்கள் வரிசையாக இருக்கும் எந்த இடத்துக்கும் அவரை அனுப்ப மாட்டேன்." அந்த ஒன்றுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

நினைவு தெளிவாக இருந்த நாட்களில் திரு. லாஸ்லோ தொழிற்சாலையைப் பற்றிப் பேசுவார். நாங்கள் பிரெஞ்சில் பேசிக்கொண்டோம்; எனக்கு இந்த நாட்டில் முதலில் கற்பித்த மொழி அது. "என் தொழிற்சாலையில் வருகைப் பதிவேடு கிடையாது. நான் என் ஆட்களை ஒருநாளும் எண்ணியதில்லை" என்று ஒருமுறை சொன்னார். நல்ல முதலாளி என்று நினைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்கவில்லை. செய்தி மேசையில் என் கீழ் வேலை செய்த ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

என் முறை காலை ஏழிலிருந்து மூன்றுவரை. மூன்றுக்கு ரெஜினா வருவார். மன்னாரைச் சேர்ந்தவர், ஐம்பது வயதிருக்கும், நன்றாகச் சிரிக்கத் தெரிந்தவர். மலச்சிக்கலுக்காகத் திரு. லாஸ்லோவுக்குத் தினமும் மதியத்துக்குப் பின் தோல் சீவிய அப்பிள் ஒன்று கொடுக்க வேண்டியிருந்தது. வாசலில் பனிச் சப்பாத்தைக் கழற்றும்போதே ரெஜினா உரத்துக் கேட்பார்:

"அண்ணை, அப்பிள் குடுத்தாச்சோ?"

"ஓம், ஓம். குடுத்தாச்சு."

பிறகு அவர் உள்ளே வருவார். திரு. லாஸ்லோ நின்றுகொண்டிருப்பார்.

"பாருங்கோ அண்ணை, பொம்பிளை ஒராள் உள்ளுக்கு வந்தவுடன எழும்பி மரியாதை தாறார். என்ர வீட்டிலையும் ஒண்டு இருக்குது, முப்பது வருசமா சோபாவை விட்டு அசையேல்லை."

"உமக்கில்லை ரெஜினா. உம்மட கோட்டுக்கு. வெட்டுப் பிழையெண்டு பாக்கிறார்."

"போங்கோ, உங்கட பகிடியும் நீங்களும்."

முதல் வாரம் அதை மரியாதை என்றே பராமரிப்புக் குறிப்பேட்டில் எழுதினேன். அவர் தலைமுறை ஆண்கள் அப்படித்தான். இரண்டாவது வாரம், கழிப்பறைக்குப் போக நினைத்து மறந்துவிடுகிறார் என்று எழுதினேன். மூன்றாவது வாரம், குளிர்காலம், வெளிச்சம் குறைகிறது என்று எழுதினேன். சனி, ஞாயிறுகளில் அவர் நிற்பதில்லை. அந்த நாட்களில் ஜூடித்தும் வேறொரு பணியாளரும் இருந்தார்கள். அதையும் எழுதினேன்.

முதியோர் மருத்துவர் குறிப்பேட்டை முழுவதும் வாசித்தார். "இவ்வளவு துல்லியமாக எழுதுகிறவர்கள் குறைவு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. சண்டவுனிங் (பொழுது சாயும் வேளையில் குழப்பமும் பதற்றமும் கூடுவது) என்றார். மகள் இருக்கும் நாட்களில் அமைதியாக இருப்பது அதற்குப் பொருந்துகிறது என்றார். பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரை ஒன்றைக் குறைந்த அளவில் எழுதித் தந்தார். விழக்கூடும், கவனம் என்றும் சொன்னார்.

அவர்மீது எனக்குக் குறையில்லை. நான் எழுதிக் கொடுத்ததை வைத்துத்தான் அவர் முடிவுசெய்தார். நேரம், வெளிச்சம், உணவு, இரத்த அழுத்தம், வந்தவர், போனவர் எல்லாம் அதில் இருந்தன. ரெஜினாவும் நானும் பேசியது மட்டும் அதில் இல்லை. அது தமிழ். அவருக்குப் புரியாத மொழி. எழுத வேண்டிய ஒன்றாக அது எனக்குத் தோன்றவில்லை.

மாத்திரை தொடங்கிய பதினோராம் நாள் ரெஜினா வாசலில் நின்று வழக்கம்போலக் கேட்டார். நான் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். பதில் சொல்வதற்குள் முன்னறையில் சத்தம் கேட்டது. எழுந்திருக்கிறார், கால்கள் மருந்தில் தளர்ந்திருந்தன. தொடை எலும்பின் கழுத்து (இடுப்போடு சேரும் ஒடுங்கிய பகுதி) முறிந்திருந்தது. தரையில் கிடந்தபோதும் கைகளை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தார்.

அறுவைச் சிகிச்சை நன்றாக நடந்தது என்றார்கள். அதன்பின் டிலிரியம் (உடல் அதிர்ச்சிக்குப் பின் திடீரென வரும் மனத்தடுமாற்றம்) வந்தது. ஐந்தாம் நாள் மாலை ஜூடித்தும் நானும் கட்டிலருகே இருந்தோம். ரெஜினா சிறு பெட்டியோடு வந்தார். ரெஜினாவும் நானும் பேசிக்கொள்வதை ஜூடித் அதற்கு முன் கேட்டதில்லை. வேலை மாறும் நேரத்தில் அவர் வந்ததேயில்லை.

"அண்ணை, ஐயாவுக்கு அப்பிள் கொண்டந்தனான். வெட்டட்டோ?"

திரு. லாஸ்லோ போர்வையைத் தள்ளினார். ஆணி வைத்த காலைக் கட்டிலுக்கு வெளியே எடுக்க முயன்றார். ஜூடித் பாய்ந்து அவர் தொடைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இவர் இப்போது என்ன சொன்னார்?"

"பழம் வெட்டட்டுமா என்று கேட்டார்."

"அந்தச் சொல். அந்தச் சொல் என்ன?"

நான் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவர் கைகளுக்குக் கீழே தகப்பனின் கால்கள் மறுபடி உந்தின.

தாதி வந்து ஊசி போட்டபின் ஜூடித் தாழ்வாரத்தில் நின்று விளக்கினார். அப்பெல் என்பது ஜெர்மன் சொல். முகாமில் ஆட்களை எண்ணும் அணிவகுப்பு. காலையும் மாலையும். பிள்ளைகளும் நிற்க வேண்டும். எண்ணிக்கை சரிவராவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. "அவரின் அம்மா வரிசையில் நிற்கும்போதுதான் விழுந்தார். அப்பா பக்கத்தில் நின்றார். குனிய அனுமதியில்லை. எண்ணி முடியும்வரை நின்றார்."

பிரெஞ்சில் தொலைபேசி அழைப்புக்கும் கிட்டத்தட்ட அதே சொல்தான். அந்தச் சொல்லைத் தினமும் கேட்டுக்கொண்டு இந்த நகரத்தில் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, கல்யாணம் முடித்து, மகளைப் படிக்கவைத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் உள்ளே ஏதோ ஒன்று அவரைத் தடுத்து உட்கார வைத்திருக்க வேண்டும். நோய் அதைக் கரைத்துவிட்டது. அவரிடம் நேரே பேசும்போது நான் அப்பிளைப் பிரெஞ்சில் 'பொம்' என்றுதான் சொல்வேன். அதற்கு அவர் வாயைத் திறப்பார். எங்கள் வாயில் இரண்டு 'ப்' சேர்த்து அழுத்தி, வாசலிலிருந்து உரத்துச் சொன்னது அவருக்குக் கட்டளை.

"நீங்கள் அறிந்திருக்க முடியாது" என்றார் ஜூடித்.

ரெஜினா சுவரோடு சாய்ந்து நின்றார். "நான் என்னத்தைச் சொன்னனான் அண்ணை? பழம் எண்டுதானே சொன்னனான்."

"ஓம். பழம்தான்."

அறிந்திருக்க முடியாது என்பது உண்மையல்ல. சொல்லை அறிந்திருக்க முடியாது, நிலையை அறிந்திருக்கலாம். யாழ்ப்பாணத்தில் இராணுவச் சுற்றிவளைப்பு நாட்களில் ஒலிபெருக்கி கூப்பிட்டவுடன் கோயில் மைதானத்தில் வரிசையில் நின்றவன் நான். கைகளை எங்கே வைப்பது, கண்ணை எங்கே வைக்காமல் விடுவது என்பதெல்லாம் என் உடம்புக்கும் தெரியும். அவரை அந்த நிலையில் ஏழு வாரங்கள் பார்த்தேன். மரியாதை என்று எழுதினேன்.

வீட்டுக்கு இனி அனுப்ப முடியாது என்று மருத்துவர் சொன்னார். ஒவ்வொரு அசைவுக்கும் இரண்டு பேர் வேண்டும், இரவும் பகலும். ஜூடித் நான்கு நாட்கள் மறுத்தார். ஐந்தாம் நாள் கையெழுத்திட்டார். நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் இடம் கிடைத்தது. அறையில் இரண்டு கட்டில்கள்.

அந்தச் சொல்லை நாங்கள் நிறுத்திவிட்டோம். பயன் இல்லை. இப்போது அவருக்குச் சொல் தேவைப்படவில்லை. கதவைத் திறந்து யார் வந்தாலும் எழ முயன்றார். கட்டிவைக்கலாமா என்று அனுமதி கேட்டார்கள். ஜூடித் கூடாது என்றார். கட்டிலைத் தரையோடு தாழ்த்தி, பக்கத்தில் மெத்தை போட்டார்கள். நான் சம்பளமில்லாமல் போய்வந்தேன். எப்படி இருக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "இன்னும் எண்ணி முடிக்கவில்லை" என்றார்.

ஆறாவது வாரம் நிமோனியாவில் இறந்தார். படுத்திருந்தபடி. அதை ஜூடித் தொலைபேசியில் இரண்டு முறை சொன்னார்.

யூதர் வழக்கப்படி ஏழு நாட்கள் துக்கம் காத்தார்கள். மூன்றாம் நாள் போனேன். சுற்றிவளைப்பைப் பற்றி ஜூடித்திடம் சொல்லிவிட வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொற்களைச் சரிசெய்துகொண்டு போனேன். வாசலில் ஒரு முதியவர் என்னைத் தடுத்து முறையைச் சொன்னார். துக்கத்தில் இருப்பவர் முதலில் பேசும்வரை வந்தவர் பேசக் கூடாது.

ஜூடித் தாழ்ந்த முக்காலியில் இருந்தார். நான் எதிரே உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பக்கத்திலிருந்த பெண்ணிடம் மழையைப் பற்றி ஏதோ சொன்னார். என்னிடம் பேசவில்லை. அரை மணி கழித்து எழுந்து வந்தேன். போய் வருகிறேன் என்று சொல்லவில்லை. செத்தவீட்டில் நாமும் அப்படிச் சொல்வதில்லை.

வேறொரு வீட்டில் இப்போது வேலை செய்கிறேன். குறிப்பேட்டில் நாங்கள் பேசும் சொற்களையும் எழுதுகிறேன். இதை வாசிக்கும் உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். அது யாரையும் காப்பாற்றும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

மற்றபடி நலம். ஆனால் என் நாக்கு வாய்க்குள் எங்கே கிடக்கிறது என்பது எனக்கு எந்நேரமும் தெரிகிறது. முன்பு அப்படித் தெரிந்ததில்லை. ஒரு சொல்லைச் சொல்லும் முன் அது ஒரு கணம் நிற்கிறது, பக்கத்தில் இருப்பவருக்கு இது என்னவாகக் கேட்கும் என்று. அந்தக் கணம் மாதத்துக்கு மாதம் நீள்கிறது.

"என்னப்பா," என்கிறார் மனைவி, "கேட்டது காதில விழேல்லையே? வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையே?"

இல்லை என்று சொல்லவும் எனக்கு நேரம் பிடித்தது.