பதினோரு விடைத்தாள்கள்

ராயப்பேட்டையின் அந்தப் பெண்கள் பள்ளியில் நாலு மணிக்கு மணி அடித்தால் எல்லாரும் வீட்டுக்குப் பறப்பார்கள். பள்ளியிறுதி வகுப்பான ஆறாம் பாரத்தில் பதினோரு பேருக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. பூகோளமும் சரித்திரமும் தலையில் ஏறாத அந்தப் பதினோரு பேரையும் ஜமீலுன்னிசா டீச்சர் ஐந்தரை வரை பிடித்து உட்கார வைத்துவிடுவாள். ஸ்பெஷல் கிளாஸ் என்று அதற்குப் பெயர். மற்றப் பெண்கள் பஜனை மடம் என்று சொல்லிச் சிரித்தார்கள்.

சிரித்ததில் தப்பில்லை. டீச்சர் ஒரு வரி சொல்வாள், பதினோரு குரலும் அதைத் திருப்பிச் சொல்லும். ஒரு விடை முழுதும் தடங்கலில்லாமல் வரும்வரை விடமாட்டாள். புரிகிறதா என்று மட்டும் கேட்கமாட்டாள். அவளே அப்படி நெட்டுருப் போட்டுத் தேறியவள்தான். இருபத்தெட்டு வயதில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அண்ணன் வீட்டில் வந்து நின்றபோது, அந்தப் படிப்புதான் வேலை வாங்கித் தந்தது. இன்று நாற்பத்திரண்டு வயதில் அண்ணியின் முகம் பார்க்காமல் சாப்பிடுகிறாள் என்றால் அது நெட்டுருவின் தயவு. அதை யாராவது பழித்தால் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும்.

பெண்களும் ஒன்றும் மக்குகள் இல்லை. போன வருடம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு ஏப்ரலில், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. ஓடின குடும்பங்கள் ஆறு மாதம், எட்டு மாதம் கழித்துத்தான் திரும்பின. விட்டுப்போன பாடம் விட்டதுதான். எல்லாருக்கும் கடைசியில் வந்து சேர்ந்தவள் ஷாகிரா. அவள் அப்பா இனாயத் தகரப் பெட்டி செய்கிறவர். ஊர் காலியான அந்த நாட்களில் அவருக்குப் பெட்டி செய்து மாளவில்லை. தான் இங்கே தங்கிக்கொண்டு, குடும்பத்தை மட்டும் வாணியம்பாடிக்கு அனுப்பினார். அங்கே தோல் மண்டிக்காரர் ஒருவர் ஷாகிராவைப் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். நாற்பதைத் தொட்டவர், மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன்.

இனாயத் பள்ளிக்கூட வாசல் வரை வந்து டீச்சரிடம் மரியாதையாகத்தான் சொன்னார்.

"டிசம்பர் பரிச்சையில தேறிட்டா படிக்கட்டும், நான் குறுக்க நிக்கல. தேறலைன்னா சபர் மாசம் கழிஞ்சதும், பிப்ரவரி கடைசியில நிக்காஹ். வாக்கு குடுத்துட்டேன்."

டிசம்பரில் நடப்பது செலக்‌ஷன் பரீட்சை. அதில் தேறியவர்களைத்தான் பள்ளி மார்ச் மாதத்து எஸ்.எஸ்.எல்.சி.க்கு அனுப்பும். தேறாவிட்டால் மற்றப் பெண்களுக்கு ஒரு வருடம் போகும், ஷாகிராவுக்கு எல்லாமே போகும். அன்றிலிருந்து, அவளை ஏற்றிப்போகத் திரை கட்டிய ஜட்கா வண்டி வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் டீச்சர் இன்னும் ஒரு விடையைச் சொல்லவைத்துவிட்டே அவளை அனுப்பினாள். குண்டுக்குப் பயந்து ஜன்னல் கண்ணாடிகளில் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். ஐந்து மணிக்கே வகுப்பு இருட்டிவிடும். அந்த இருட்டில் பதினோரு குரலும் ஒரே குரலாகக் கேட்பது சில நாள் அவளுக்கே என்னவோ போலிருக்கும்.

அந்த அக்டோபரில் அடைமழை பெய்து கூவம் கரை புரண்டது. பதினோரு பேரில் ஒருத்தியான ரத்னாவின் ஆற்றோரக் குடிசைக்குள் இடுப்பளவு தண்ணீர். புத்தகங்கள் போனது போனதுதான். இந்த வருடம் மழையைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள் என்று டீச்சருக்குப் பட்டது. சென்னைக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்வதேன் என்ற கேள்விக்கு விடை தயார் செய்தாள். வறட்டு விடை மனதில் நிற்காது என்று நடுவில் தன் சொந்தச் சரக்கையும் கொஞ்சம் சேர்த்தாள்: 'நிறைமாதப் பசுவைப் போல மேகங்கள் வங்கக் கடலிலிருந்து அசைந்து வரும்.' பெண்களுக்குப் பசு ரொம்பவே பிடித்துப்போயிற்று.

ஒருநாள் எல்லாரும் ஒப்பிக்கும்போது ஷாகிரா மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஏனென்று கேட்டதற்கு, "வடக்கேர்ந்து வர்றது தரைக்காத்துதானே டீச்சர்? காஞ்ச காத்து எப்படி மழை கொண்டாரும்?" என்றாள்.

டீச்சருக்குச் சுருக்கென்றது. பதினான்கு வருடமாக அந்தப் பாடம் நடத்துகிறாள், இந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றியதில்லை. ஷாகிராவோ சுவரில் தொங்கிய தேசப்படத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு, காற்று நடுவில் கடலைத் தாண்டுகிறது, ஈரத்தை அங்கேதான் அள்ளிக்கொள்கிறது, அதனால்தான் கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்கு மழை என்று தானாகவே கண்டுபிடித்துச் சொன்னாள். டீச்சருக்குப் புல்லரித்துவிட்டது. தன் பசுவை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் பரீட்சையில் வம்பு வேண்டாம், நோட்டில் உள்ளதையே எழுது என்று சொல்லி அனுப்பினாள்.

டிசம்பரில் அதே கேள்வி வந்தது. பதினோரு பேரும் வாயெல்லாம் பல்லாக வெளியே வந்தார்கள்.

மூன்றாம் நாள் தலைமையாசிரியை டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார். நவம்பரில்தான் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். கண்டிப்புக்குப் பேர்போனவர், நியாயத்துக்கும்தான். பூகோளத் தாள்களை அவரே திருத்தியிருந்தார். மேசையில் பதினோரு விடைத்தாள்கள் கிடந்தன. பதினொன்றிலும் ஒரே இடத்தில் சிவப்புப் பென்சில் கோடு. பதினொன்றிலும் நிறைமாதப் பசு.

இது காப்பி என்றார் அவர். ஸ்பெஷல் கிளாஸைப் பற்றி டீச்சர் எவ்வளவோ விளக்கினாள். உடம்பு வேர்த்ததுதான் மிச்சம். கூடி உட்கார்ந்து கோஷம் போட்டால் பசு வரைக்கும் பிசகாமல் எழுதிவிட முடியுமா என்று அவர் கேட்டார். கடைசியில், திங்கட்கிழமை பதினோரு பேரையும் தனித்தனி அறையில் உட்காரவைத்து அதே கேள்வியை எழுத வைப்பதாகச் சொன்னார். யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று அப்போது பார்த்துவிடலாமாம்.

"அதுவரைக்கும் இதைப் பத்தி அந்தப் பொண்ணுங்ககிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினதாத் தெரிஞ்சா பதினோரு பேரையும் நிறுத்திடுவேன்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் டீச்சர் பொட்டுத் தூக்கமில்லாமல் கிடந்தாள். யாருக்குத் தெரியும் என்ற சொல்லையே திருப்பித் திருப்பி யோசித்தாள். நிஜமாகத் தெரிந்தவள் ஒருத்திதானே? பசுவைப் பார்த்தாலே அந்த அம்மாளுக்கு எரிகிறது. மற்றவர்கள் எப்படியும் பசுவைத்தான் எழுதுவார்கள், அவர்கள் தலைவிதி. ஷாகிராவாவது பிழைக்கட்டும். திங்கட்கிழமை காலை ஜட்காவிலிருந்து இறங்கியவளை ஒட்டி நடந்து, ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"இன்னிக்கு மழை பத்தி எழுதச் சொன்னா, நோட்டை மறந்துட்டு உனக்குப் புரிஞ்சதை எழுது."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

பத்துப் பேர் பத்து அறையிலிருந்து வரி பிசகாமல் பழைய விடையையே எழுதித் தந்தார்கள். ரத்னா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்து அசைத்து எழுதியதைத் தலைமையாசிரியையே நின்று பார்த்தார். மனப்பாடம் என்பது நிஜம்தான் என்று ஒப்புக்கொண்டார், பத்துப் பேரும் தப்பினார்கள். பதினோராவது தாளை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்.

ஷாகிராவையும் டீச்சரையும் உள்ளே அழைத்தார். "விடை சரியாத்தான் இருக்கு. ஆனா அன்னிக்கு எழுதினதுல ஒரு வரி கூட இதுல இல்லை. மத்தவங்க மனப்பாடம் பண்ணதைப் பார்த்து எழுதியிருக்கே. எங்கே மாட்டிக்குவோமோன்னு பயந்து அப்புறமாப் படிச்சிருக்கே. இல்லேன்னா ஏன் இன்னிக்கு மாத்தி எழுதினே, சொல்லு."

டீச்சர் இப்போது வாயைத் திறந்திருக்கலாம். நான்தான் சொன்னேன் என்று சொன்னால் போதும். சொன்னால், வெளியே தாழ்வாரத்தில் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருக்கிற பத்துப் பேரும் போவார்கள். அவள் வேலையும் போகும். எதை முதலில் நினைத்தாள் என்று பிற்பாடு எத்தனையோ முறை தன்னையே கேட்டுப் பார்த்தாள். பத்துப் பேரைத்தான் என்று ஒருநாளும் அவளால் சத்தியம் செய்ய முடியவில்லை.

ஷாகிரா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தரையைப் பார்த்தாள்.

"தெர்ல டீச்சர்," என்றாள் ஷாகிரா, தலைமையாசிரியையிடம். தேறியவர்கள் பட்டியலில் அவள் பேரை அவர் சிவப்புப் பென்சிலால் அடித்தார்.

அன்று ஜட்கா ஐந்தரைக்கு வந்தது. ஏறப்போனவள் நின்று, கோபமே இல்லாமல் கேட்டாள்.

"நீங்க சொன்னதைத்தானே எழுதினேன்?"

டீச்சர் அவளை ஏற்றிவிட்டுத் திரையை இழுத்து மூடினாள். வண்டி தெருக்கோடி திரும்பும்வரை அங்கேயே நின்றாள். பிப்ரவரி கடைசியில் வாணியம்பாடியில் நிக்காஹ் நடந்தது. இனாயத் வீடு தேடி வந்து அழைத்தார், அவள் போகவில்லை.

மார்ச்சில் பத்துப் பேரில் ஒன்பது பேர் தேறினார்கள். ஜமீலுன்னிசாவின் ஸ்பெஷல் கிளாஸுக்கு மயிலாப்பூர் வரைக்கும் பேர் பரவியது. அதற்கப்புறமும் பதிமூன்று வருடம் அவள் அதை நடத்தினாள். நடுவில் எந்தப் பெண்ணாவது எழுந்து நின்று ஏன் டீச்சர் என்று ஆரம்பித்தால் டீச்சர் அவளை முடிக்கவிடமாட்டாள். உட்காரும்மா, நோட்டில் இருப்பதைச் சொல் என்பாள்.