பனிக்குள் நின்ற தாய்மாமன்

ஹட்டனில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து தரும் பெண் அவர். கம்பளித் தொப்பிக்கு மேல் ஹெட்போன் மாட்டியிருப்பார். எதையும் அழிக்கும் முன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்.

என் மகளின் கல்யாண வீடியோவில் கோயில் வாசல் பனியில் மங்கிக் கிடந்தது.

"இப்ப புதுசா ஒரு சாஃப்ட்வேர் வந்திருக்குங்க, பனியக்கூட எடுத்துடலாம்" என்று மவுஸை அழுத்தினார். காட்சி மெல்லத் தெளிந்தது. தூரத்துத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே என் தம்பி வெள்ளை வேட்டியில் நின்றிருந்தான். என்னோடு சண்டை போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்கு வரவே மாட்டேன் என்றவன்.

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார். "தனியா யாரோ நிக்கிறாங்க. அழிச்சிடவாங்க?"

"வேணாங்க. பொண்ணுக்குத் தாய்மாமன்."

அவர் மறுபடி மவுஸைப் பிடித்தார். நான் சொல்லாமலே அந்தக் காட்சியை மட்டும் மெதுவாக ஓடவிட்டார். அதனால் கல்யாணத்தில் என் தம்பி இன்னும் கொஞ்ச நேரம் நிற்கிறான்.