காதால் தேர்ந்தெடுத்த கம்ப்யூட்டர்

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் காதுதான் எல்லாம். மோட்டார் அறையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாரென்றால், எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வீட்டிலும் அதே கதைதான். மிக்ஸி கொஞ்சம் முனகினால் போதும், ஸ்க்ரூ டிரைவரோடு வந்து நிற்பார். சத்தம் போடாததுதான் நல்ல இயந்திரம் என்பது அவர் கட்சி. பேச்சிலும் மனுஷர் அப்படியே. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

அப்படிப்பட்டவரை வீட்டுக் கம்ப்யூட்டர் பாடாய்ப் படுத்தியது. பழைய பெட்டி. திறக்கவே ஒரு யுகம் ஆகும். திறந்தபின் விசிறி காது கிழிய இரையும். தூக்கிப் போட அவருக்கு மனசு வரவில்லை. ஆனால் தவிப்பு அவரைவிட மனைவிக்குத்தான் அதிகம். அவளுடைய தம்பி பிறவியிலேயே காது கேளாதவன். வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டான். ஞாயிறுதோறும் அக்காவும் தம்பியும் வீடியோவில் சைகை மொழியில் பேசிக்கொள்வார்கள். மொபைல் திரையில் அவன் விரல்கள் அவள் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. கம்ப்யூட்டரிலோ, அவன் கையைத் தூக்கினால் படம் அப்படியே நின்றுவிடும். போன வாரம் பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். அவள் முகத்தைப் பார்த்த மெக்கானிக்குக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டால் பழைய கம்ப்யூட்டரும் ஓடும் என்று யாரோ சொன்னார்கள். அதில் பல வகை. கனமானதும் உண்டு, லேசானதும் உண்டு. பென் டிரைவில் ஏற்றி, செருப்புக் கடையில் காலை நுழைத்துப் பார்ப்பதுபோல, நிரந்தரமாகப் போடாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். வேலை விட்டு வந்ததும் ஒன்றைப் போட்டு, பெட்டியில் காதை வைத்து, உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்ததைப் போடுவார். கடைசியில் ஒன்று சிக்கியது. பகட்டு கிடையாது, கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. விசிறி மூச்சே விடவில்லை. சோதித்துப் பார்க்க அதிலிருந்தே உடன் வேலை செய்பவரை அழைத்தார். குரல் கணீரென்று கேட்டது. அதையே நிரந்தரமாகப் போட்டுவிட்டார்.

ஞாயிறன்று மனைவி ஆசையாக உட்கார்ந்தாள். தம்பி திரையில் வந்தான், கையைத் தூக்கினான். படம் திக்கித் திணறி நின்றது.

"என்னங்க, மறுபடியும் அதேதாங்க."

"அதெப்படி? சத்தமெல்லாம் சுத்தமா இருந்துச்சே!"

அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை.

"அவனுக்கு எதுக்குங்க சத்தம்?"

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. காதே தேவைப்படாத வேலையைக் காதை வைத்தே சோதித்த புண்ணியவான் உலகத்தில் அவர் ஒருவர்தான். படத்தை ஓட்டும் வீடியோ கார்டுக்கு வேண்டிய மென்பொருளைச் சுமக்காததால்தான் அந்த லினக்ஸ் அவ்வளவு லேசாக இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் சாயங்காலம், மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து, ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினார். கொஞ்சம் கனமான இன்னொன்றைப் பென் டிரைவிலிருந்து ஓட்டி, மைத்துனனை அழைத்தார். அழைத்த பிறகுதான் உறைத்தது, அவருக்குச் சைகை தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து நடுவில் நின்று சொன்னதெல்லாம் மனைவிதான். வேறு வழியில்லாமல் விரல்களை மடக்கி நீட்டினார். அவன் திருதிருவென்று முழித்துவிட்டு, தானும் அப்படியே செய்தான். இவர் வேகமாகச் செய்தார், அவனும் விடவில்லை. ஒரு விரல்கூடத் தப்பாமல் திரையில் தெரிந்தது. விசிறி பேயாய் இரைந்தது. இரையட்டும் என்று விட்டுவிட்டார்.

கடையிலிருந்து வந்த மனைவி, பையோடு அப்படியே நின்றுவிட்டாள். தம்பி அவளைப் பார்த்து ஏதோ சைகை காட்டினான். அவள் சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"என்னவாம்?"

"இத்தனை வருஷத்துல மாமா என்கிட்ட நேரா பேசினது இன்னிக்குத்தான்ங்கிறான்."

மெக்கானிக் திரையில் மைத்துனனைப் பார்த்தார்.

"'நீ நல்லாத் தெரியுறே'ன்னு அவன்கிட்ட சொல்லணும்."

"சரி, நான் சொல்லிடுறேன்."

"நீ சொல்ல வேணாம். எப்படின்னு எனக்குக் காட்டு."

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, கிரீஸ் கறை போகாத அந்தக் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் கொடுத்தாள்.