ஒகட்டி, ரெண்டு

எங்க திருத்தணியில மைக்செட் போடுற முனிரத்தினம் அதிகம் பேசாத மனுசன். கல்யாணமோ கட்சிக் கூட்டமோ, ஸ்பீக்கரைக் கட்டிட்டு ஓரமா நின்னுகினு இருப்பாரு. மைக்கை டெஸ்ட் பண்றப்ப மட்டும், வீட்டுல பேசுற தெலுங்குல "ஒகட்டி, ரெண்டு, மூடு"ன்னு எண்ணுவாரு. தெலுங்குல மூடுன்னா மூணு. இந்த ஊர்ல அதை யாரும் வித்தியாசமா நெனச்சதே இல்ல.

போன தேர்தலுக்கு வெளியூர்லேர்ந்து ஒரு தலைவர் வந்தாரு. "தெலுங்கு பேசுறவன் பூரா வந்தேறி, எல்லைக்கு அந்தாண்ட துரத்தணும்"னு மேடையில கத்துனாரு. எனக்குப் பத்திகினு வந்துச்சு. அதுக்குக் கைதட்டுனவனுங்கள்ல பாதிப்பேர் பெத்த அப்பனை நைனான்னு கூப்பிடுறவனுங்க!

அந்த நேரம் பார்த்து மைக் நின்னுபோச்சு. முனிரத்தினம் மேடையேறி ஒயரைச் சரிபண்ணாரு. பழக்கதோஷத்துல "ஒகட்டி, ரெண்டு"ன்னு ஆரம்பிச்சவரு, சட்டுன்னு நிறுத்திட்டாரு. தலைவரு முறைச்சாரு. முனிரத்தினமும் அவர் முகத்தையே பார்த்து, மிச்சமிருந்த எண்ணை மைக்குல நிதானமா சொன்னாரு.

"மூடு."

தலைவருக்குத்தான் தெலுங்கு தெரியாதே!