டெஸ்டர் ஃபோர், மியூட் போடுங்க

குன்னூர் மலைச்சரிவில், தேயிலை எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் அந்த லயத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள் வாசுகி ஒருத்திதான். காலையில் எல்லோரும் கொழுந்து எடுக்கப் போய்விட, லயமே வெறிச்சோடிக் கிடக்கும். அவள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு, லேப்டாப்பைத் தையல் மெஷின் மேல் வைத்து உட்காருவாள். "ஊட்டுக்குள்ள உக்காந்தே சம்பளம் வாங்குற மகராசி" என்பார்கள் லயத்துப் பெண்கள். அந்த மகராசி பகல் முழுக்க ஒரு மனுஷ முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை என்பது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது!

கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று செய்கிற, சாப்பாடு ஆர்டர் போடும் ஆப்பில் எங்கெங்கே கோளாறு என்று தட்டிப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. கணக்கில்லாத பிரியாணிக்கு ஆர்டர் போட்டிருப்பாள். ஒன்றும் வராது, எல்லாம் சோதனைக்குத்தான். ஆசைக்கு அவள் தன் சொந்த விலாசத்தைப் போட்டால், "உங்கள் பகுதியில் சேவை இல்லை" என்று அந்த ஆப் கூசாமல் சொல்லும்.

கம்பெனி நேரடியாக எடுத்த ஆள் இல்லை அவள். ஏஜென்சி மூலம் வந்த ஒப்பந்த ஆள். அதனால் ஆன்லைன் மீட்டிங்கில் திரையில் அவள் பெயர் வராது, 'டெஸ்டர் 4' என்றுதான் வரும். அவளுக்கு முன்னால் யார் யாரோ அந்த நம்பரில் இருந்து போய்விட்டார்கள். டீம் லீடர் தினகரன் நல்ல மனிதர், அதட்டிப் பேசமாட்டார். ஆனால் பாருங்கள், தினமும் அவள் முறை வந்து வாயைத் திறக்கும்போதுதான், சொல்லிவைத்தாற்போல எஸ்டேட் ஃபேக்டரியில் சங்கு அலறும். "ஏனுங்க டெஸ்டர் ஃபோர், மியூட் போடுங்க" என்பார் தினகரன். மைக்கை அணைத்துவிட்டுச் சங்கு ஓயும்வரை காத்திருப்பாள். ஓய்ந்தபின் பார்த்தால் பேச்சு அடுத்த ஆளுக்குத் தாவியிருக்கும். மிச்சத்தை எழுதி அனுப்புவாள். அந்த வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதே கதைதான்.

அப்படியிருக்கையில்தான் சாஃப்ட்வேர் சோதனைக்காரர்களின் மாநாடு குன்னூரிலேயே நடக்கப்போவதாகத் தகவல் வந்தது. அதுவும் லயத்துக்கு எதிர்மேட்டில், அவள் பிறந்ததிலிருந்து வெளியே நின்று மட்டுமே பார்த்திருக்கும் பெரிய ஹோட்டலில். டீம் மொத்தமும் வருகிறது, தினகரன் மேடையில் பேசுகிறார், ஒப்பந்த ஆட்களும் வரலாம். வாசுகிக்கு ஒரே ஒரு ஆசைதான். அங்கே யாராவது ஒருவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ புள்ள. அங்க தெரிஞ்ச ஆளுக யாரும் இருக்காங்களா?" என்று கேட்டாள் அம்மா சின்னம்மை, கொழுந்துக்குப் போகத் தலையில் கொங்காணித் துணியைக் கட்டிக்கொண்டே.

"என் டீமே இருக்கும்மா" என்றாள் வாசுகி.

ஹோட்டல் வாசலில் அவள் கழுத்தில் மாட்டிவிட்ட அட்டையில் 'விருந்தினர்' என்று மட்டும் போட்டிருந்தது. உள்ளே மப்ளரும் குல்லாயுமாக நடுங்கிக்கொண்டிருந்த கூட்டத்தில், மீட்டிங்கில் கேமராவே போடாத தன் டீமை அவள் குரல்களை வைத்தே கண்டுபிடித்தாள். முகம் பார்க்குமுன்னே இன்னார் இன்னார் என்று தெரிந்துவிட்டது. டீ கப்போடு அவர்கள் பக்கத்தில் போய் நின்றாள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்துச் சிரிப்பதுபோல ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு அவர்கள் பேச்சைத் தொடர்ந்தார்கள். பேச்சில் இடைவெளி வரட்டும் என்று காத்திருந்தாள். வரவேயில்லை. கை தூக்கும் பட்டனும் இங்கே கிடையாது.

தினகரன் பேசி முடித்து, கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். இதை விட்டால் வேறு வழியில்லை என்று வாசுகி கையைத் தூக்கினாள். மைக் வந்தது. எழுந்து நின்றாள்.

"வணக்கம்ங்க. என் பேரு..."

எதிர்ச்சரிவிலிருந்து மத்தியானச் சங்கு அலறியது. அவள் கட்டைவிரல் தானாகப் போய் மைக்கின் சுவிட்சை அணைத்தது. வாயை இறுக மூடிக்கொண்டு, வீட்டில் காத்திருப்பதுபோலவே, சங்கு ஓயட்டும் என்று நின்றாள். அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள்.

"மேடம், மியூட்ல இருக்கீங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கத்த, அரங்கமே சிரித்தது. அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது. தினகரன் மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உற்றுக் கேட்டார்.

"இது நாம தெனம் காலையில கேக்குற சங்கு ஆச்சுங்களே!" அவள் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, நீங்க டெஸ்டர் ஃபோருங்களா?"

சங்கு ஓய்ந்தது. வாசுகி மைக்கின் சுவிட்சைப் போட்டாள். "வாசுகிங்க."

கைதட்டினார்கள். "அட, வந்திருக்கீங்களா! சாப்பாட்டுல பேசலாமுங்க, அவசியம் வாங்க" என்றார் தினகரன். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அவள் கேட்க வந்த கேள்வி என்னவென்று யாரும் விசாரிக்கவில்லை, அவளும் மறந்துபோனாள்.

சாப்பாட்டில் தினகரனைச் சுற்றி ஈ மொய்ப்பதுபோல ஆட்கள். ஒரு தடவை அவளைப் பார்த்துக் கையசைத்தார். தட்டில் தயிர்சாதம் காயும்வரை நின்றாள். பிறகு மேட்டுப்பாளையத்து டிராஃபிக்குக்குப் பயந்து எல்லோரும் அடித்துப் பிடித்து பஸ் ஏறினார்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்கியபோது அவளுக்கு அழுகை முட்டியது. தான் யாரென்று தெரியாததால்தான் அவர்கள் பேசவில்லை என்று இதுவரை தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்ள முடிந்தது. இனி அதுவும் முடியாது.

"பேசினியா புள்ள?" என்றாள் சின்னம்மை.

"பேரைச் சொன்னேன்மா."

"அதுக்கா இம்புட்டு நேரம்?"

திங்கட்கிழமை காலை மீட்டிங். அவள் முறை வந்தது. வாயைத் திறந்தாள், சங்கு அலறியது. இந்தத் தடவை வாசுகி மைக்கை அணைக்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டுவைத்தாள். கேட்கட்டும் என்று ஒரு வீம்பு.

"வாசுகி, மியூட் போட்டுக்குங்க" என்றார் தினகரன்.

அவள் கை அப்படியே நின்றது. பிறகு மைக்கை அணைத்தாள். மீட்டிங்கில் பேச்சு அடுத்த ஆளுக்குத் தாவிக்கொண்டிருந்தது. யாருக்கும் கேட்காத அந்த ஒற்றை அறையில், சங்கையும் மீறி அவள் உரக்கச் சொன்னாள்:

"சரிங்க சார். வாசுகிதான் பேசுறேன்."