சண்டைக்கு நடுவே ஒரு சொட்டு

சொட்டக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை மருத்துவமனைச் சம்பளப் பிரிவைத் தவிர வேறு யாரும் சீண்டுவதில்லை. கண் மருத்துவமனையின் நீண்ட நடையில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களின் இமையை விலக்கி, பரிசோதனைக்கு முன்னால் மருந்து விட்டுக்கொண்டே போவது பல வருடங்களாக அவளுடைய வேலை. "மேல பாருங்க, மூடுங்க, தேய்க்காதீங்க" என்று அவள் சொன்னால் அதிகாரிகள்கூடக் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்கள். அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான்.

முட்டி வலி வந்து நாள் முழுக்க நிற்க முடியாமல் போனபோது வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தாள். மருத்துவர் விடவில்லை. கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் உள்ளவர்களின் வீடுகளுக்குப் போய், சொட்டு மருந்தை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று பார்த்து வரச் சொன்னார்.

"நிக்க முடியலன்னு சொன்னா தெருத் தெருவா நடக்கச் சொல்றீங்களே டாக்டர்?"

"நடந்தா முட்டிக்கு நல்லதுக்கா" என்றார் மருத்துவர் அம்மாள், தலையை நிமிர்த்தாமலே.

அது ஒரு கள்ள நோய். வலிக்காது, சிவக்காது. பார்வையை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மென்று தின்னும். மருந்து போட்டாலும் போன பார்வை திரும்பி வராது, இருப்பது நிற்கும், அவ்வளவுதான். இதைப் புரியவைப்பதற்குள் சொட்டக்காவுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும். "இவ்வளவு நாளா போடுறேன், ஒண்ணும் கூடலையே" என்பார்கள். "கூடாதுங்க. இருக்கறது உங்க கூடவே இருக்கும். அது போதாதா?" என்பாள். ஒருவர் நிறையப் போட்டால் நிறையக் கேட்கும் என்று கண்ணைக் கழுவுகிற மாதிரி ஊற்றிக்கொள்வார். இன்னொருவர் சொட்டு விழுந்த கையோடு கைக்குட்டையால் துடைத்துவிடுவார். அதனால் எந்த வீட்டிலும் அவள் "போடுறீங்களா" என்று கேட்பதே இல்லை. அந்தக் கேள்விக்கு இல்லை என்று பதில் சொன்ன மனிதனை அவள் இதுவரை பார்த்ததில்லை. "எங்க, போட்டுக் காட்டுங்க" என்பாள். குட்டு அங்கேதான் உடையும்.

அப்படித்தான் ஒரு நாள் சலூன்காரர் வீட்டுக்குப் போனாள். முன்பக்கம் முடிதிருத்தும் கடை, திரைக்குப் பின்னால் வீடு. சலூன்காரருக்கும் அவர் மனைவிக்கும் இரண்டு பேருக்குமே கிளாக்கோமா. மனைவிக்கு ஆரம்ப நிலை. அவருக்கு அப்படி இல்லை. வலது கண் போயே போய்விட்டது, இடது கண்ணில் குழாய் வழியாகப் பார்க்கிற அளவுக்குத்தான் மிச்சம். அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டுதான் கத்தி பிடித்துக்கொண்டிருந்தார். சமீபத்தில் ஒரு வாடிக்கையாளரின் காதோரம் கீறிவிட்டது.

"அடுத்த தடவையும் அழுத்தம் இறங்கலைன்னா ஆபரேஷன்தான்" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். "ஒத்தைக் கண்ணு. நல்லபடியா முடியலைன்னா என்ன பண்றதுன்னு எனக்கே பயமா இருக்குக்கா. இன்னொரு விஷயம். அவருக்கு ஏறுறப்பதான் அந்தம்மாவுக்கும் ஏறுது, அவருக்கு இறங்கினா அந்தம்மாவுக்கும் இறங்குது. ரெண்டு பேருக்கும் வேற வேற மருந்து. போய் என்னன்னு பாருங்க."

சொட்டக்கா போனபோது கடையில் ஆள் இல்லை. சலூன்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி திரையோரம் நின்றாள், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அண்ணே, மருந்தப் போட்டுக் காட்டுங்க."

"எல்லாம் காலையிலேயே போட்டாச்சு தங்கச்சி."

"இது வெறும் தண்ணி மருந்துதான். சும்மா போடுங்க, பார்ப்போம்" என்று தன் பையிலிருந்து ஒரு புட்டியை நீட்டினாள்.

அவர் அண்ணாந்தார். புட்டியைத் தூக்கினார். முதல் சொட்டு புருவத்தில் விழுந்தது, அடுத்தது கன்னத்தில் ஓடியது. அதற்கடுத்ததற்குக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ஊரார் தலையை எல்லாம் ஒரு விரலால் திருப்புகிற மனிதர், தன் இமை ஒன்றைத் திறந்து வைக்க முடியாமல் திணறினார். பார்த்துக்கொண்டிருந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"அவருக்கு எங்க வரும்? என்னைக்காவது போட்டிருந்தாத்தானே?"

"அப்ப யாரு அண்ணி போடுறது?"

அந்த அம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சலூன்காரர் கண்ணாடிப் பக்கம் திரும்பி, "அவதான் எனக்குப் போடுவா, நான் அவளுக்குப் போடுவேன்" என்று முணுமுணுத்தார். "பேச்சுவார்த்தை இருந்தா."

சொட்டக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விஷயம் மெதுவாக வெளியே வந்தது. காது கீறிய நாளிலிருந்து கடையை மூடச் சொல்லி அவள் நச்சரிக்கிறாள். மூட மாட்டேன் என்று அவர் தலைகீழாக நிற்கிறார். பேச்சு முற்றினால் ஆளுக்கொரு மூலை, பல நாளைக்குப் பேச்சு கிடையாது. பேச்சு இல்லையென்றால் சொட்டும் இல்லை. நானா போய்க் கேட்பேன் என்று அவருக்கு வீம்பு. கேட்கட்டுமே என்று அவளுக்கு வீம்பு. புட்டிகள் இரண்டும் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் சும்மா நின்றன.

"நல்லா இருக்கு நியாயம்" என்று சொட்டக்கா சீறினாள். "அண்ணி, அண்ணன் பார்வை போச்சுன்னா அப்புறம் யார்கிட்ட கோவிச்சுக்குவீங்க? நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கறதே அவருக்குத் தெரியாதே."

அந்த அம்மாளின் கண் நிறைந்துவிட்டது. சலூன்காரர் துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தார். சொன்னது அதிகப்படி என்று சொட்டக்காவுக்கே உறைத்தது. ஆனாலும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று மாலை தன் வீட்டுக்காரரிடம், "நமக்குள்ள சண்டை வந்தா யாரு மொதல்ல பேசுவாங்க?" என்று கேட்டாள்.

"நீ எப்ப பேசாம இருந்த?" என்றார் அவர்.

இவரிடம் கேட்டதே தப்பு என்று எழுந்துவிட்டாள். ஆனால் சமாதானமாக இருங்கள் என்று உபதேசம் செய்து சலூன்காரர் வீட்டில் வேலை நடக்காது என்பது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. சண்டை இருக்கும். யாரும் யாரையும் கேட்காமலே சொட்டு விழ வேண்டும்.

மறுநாள் போனபோது கடையில் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ஒரு தலை முடிந்ததும் சலூன்காரர் போர்த்தியிருந்த துணியை எடுத்துப் படாரென்று உதறினார். கூப்பிடவே இல்லை, அடுத்த ஆள் எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சொட்டக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடை காலியானதும் திரையை விலக்கி அண்ணியையும் அழைத்தாள்.

"இனிமே காலையில கடை திறந்ததும் அண்ணன் துணிய உதறுவாரு. அது யாரையும் கூப்பிடறது இல்ல, அவரு தொழில். சத்தம் கேட்டா அண்ணி வந்து உக்காரணும். அது இறங்கி வர்றது இல்ல, அண்ணி முறை. போட்டு முடிச்சதும் அண்ணன் உக்காரணும். சாயங்காலம் கடை மூடறப்ப மறுபடியும் அதே மாதிரி. எவ்வளவு வேணா சண்டை போடுங்க. சொட்டுக்கு வாய் வேண்டாம், கை போதும்."

நாற்காலியைச் சாய்த்து இருவருக்கும் பழக்கினாள். கீழ் இமையைப் பை மாதிரி இழுத்துப் பிடிப்பது, ஒரே ஒரு சொட்டு விடுவது, கண்ணை மூடி மூக்கோரத்து மூலையை விரலால் அழுத்தி வைப்பது. நாற்காலியைச் சாய்ப்பதில் சலூன்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மறு பரிசோதனை நாள் வந்தது. சொட்டக்கா மருத்துவமனை நடைக்குள் நுழைந்தாள். கணவனும் மனைவியும் நடுவில் ஒரு காலி நாற்காலியை விட்டுவிட்டு, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சண்டை சாதாரணமானது இல்லை என்பது அந்த இடைவெளியிலேயே தெரிந்தது. அதிகாலை வண்டியைப் பிடித்து வந்திருக்கிறார்கள், கடை திறந்திருக்காது, துணியும் உதறியிருக்காது. எல்லாம் வீணாயிற்று என்று தூணோரம் நின்றுவிட்டாள்.

சலூன்காரர் சட்டைப் பைக்குள் கைவிட்டார். கைக்குட்டையை எடுத்தார். படாரென்று உதறினார்.

நடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி திரும்பவில்லை. எழுந்து, காலி நாற்காலியில் வந்து உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்தாள். அவர் ஒரு சொட்டு விட்டார். அது முடிந்ததும் அவர் அண்ணாந்தார், அவள் எழுந்து நின்று அவர் நெற்றியில் கையை ஊன்றி இடது கண்ணில் விட்டு, மூலையை விரலால் அழுத்திக்கொண்டாள்.

"இனி கத்தி எடுக்கறதில்ல" என்றார் அவர், மூடிய கண்ணோடு. "கத்திரி மட்டும்."

"பேசாம இருங்க. மருந்து வெளிய வரும்."

அழுத்த வேண்டிய நேரம் கடந்த பிறகும் அவள் விரலை எடுக்கவில்லை. உள்ளேயிருந்து கூப்பிட்ட பிறகுதான் எடுத்தாள்.

மருத்துவர் இருவருக்கும் அளந்தார், சலூன்காரருக்கு இன்னொரு முறையும் அளந்து பார்த்தார். "இறங்கியிருக்கு. ரெண்டு பேருக்கும். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், இப்படியே போடுங்க" என்றார். கதவோரம் நின்ற சொட்டக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். விஷயம் முழுக்கத் தெரிந்திருந்த மருத்துவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப வீட்டுல சமாதானம் ஆயாச்சு, இல்லையாம்மா?"

"அதெல்லாம் இன்னும் இல்ல டாக்டர்" என்றாள் சலூன்காரர் மனைவி, அவர் கையைப் பிடித்து எழுப்பியபடியே. "மருந்து மட்டும் போட்டுக்கறோம்."