ஏரி தெரியாத கூடாரம்

கொடைக்கானலுக்கு மேலே, ஏரியும் மலையும் ஒரே பார்வையில் கண்ணில் படுகிற ஓர் இடத்துக்குக் கூடாரம் அடித்துத் தங்கப் போய், ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கேரட் தோட்டத்தில் படுத்துவிட்டு வந்த குடும்பம் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். அப்போது எனக்குப் பதினோரு வயது. அன்றைக்கு வந்த கோபத்தில் பாதி இன்னும் அப்படியே என்னிடம் இருக்கிறது. மீதிப் பாதி ஆள் மாறிவிட்டது. அது யார்மேல் போய் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எங்களுக்குச் சிவகாசிக்குப் பக்கத்தில் நாரணாபுரம். அப்பா ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வெடிமருந்து கலக்கும் அறையிலிருந்து பெட்டி அடைக்கும் அறை வரை எல்லாம் விதிப்படி நடக்கிறதா என்று பார்க்க வேண்டிய வேலை. அதற்கென்று பரீட்சை எழுதித் தேறிய சான்றிதழ் எங்கள் வீட்டுச் சுவரில், சாமி படங்களுக்குச் சமமான உயரத்தில் கண்ணாடி போட்டுத் தொங்கியது. மற்ற ஊர்க்காரர்களுக்குத் தை மாதத்தில் வருகிற பொங்கலோடு சரி. எங்கள் ஊரில் சித்திரையில் அம்மனுக்கு இன்னொரு பொங்கல் உண்டு. அதற்குக் கம்பெனிகளை எல்லாம் சில நாட்கள் மூடிவிடுவார்கள். அப்பாவுக்குச் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது அப்போதுதான்.

அந்த வருஷம் பெங்களூரிலிருந்து மாமா வந்தார். அம்மாவுக்குத் தம்பி. கல்யாணம் ஆகாதவர், கையில் கார் இருந்தது, போதாக்குறைக்கு இரண்டு கூடாரங்கள் வேறு வாங்கியிருந்தார். "டென்ட்டோட ஜிப்பத் திறந்தா, ஒன் காலுக்குக் கீழ ஏரி கெடக்கும் பாத்துக்கோ" என்று என்னிடம் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம். பரீட்சை முடிந்த அன்றைக்கே வகுப்பில் பாதிப் பேரிடம் நான் அதைப் பரப்பிவிட்டேன். கூடாரத்துக்குள்ளிருந்து தலையை நீட்டியபடி, எதிரே ஏரியோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வருவேன், பள்ளிக்கூடம் திறந்ததும் காட்டுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த ஒரு போட்டோ போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று இருந்தேன்.

புறப்படும்போதே ஆரம்பமானது. காரில் ஏறுவதற்கு முன்னால் அப்பா மாமாவை நிறுத்தி, சட்டைப் பை, கால்சட்டைப் பை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். கம்பெனி வாசலில் காலையில் வேலைக்கு வருகிறவர்களை அப்படித்தான் தடவிப் பார்த்து உள்ளே விடுவார்களாம். மாமாவிடமிருந்து ஒரு லைட்டர் கிடைத்தது. அதை அப்பா வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். மாமா சிகரெட் குடிப்பார் என்பது அம்மாவுக்கு அப்போதுதான் தெரியும். அந்த ஏச்சு பெரியகுளம் வரைக்கும் ஓடியது. நாடு முழுவதற்கும் தீப்பெட்டி செய்து அனுப்புகிற ஊரிலிருந்து ஒரே ஒரு தீப்பெட்டி கூட இல்லாமல் குளிர் மலைக்குப் போன குடும்பம் நாங்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி இருக்கும். அந்த ஏரியைப் பார்த்ததும் கார் நிற்பதற்குள் நான் கதவைத் திறந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் கண்மாய்களில் வருஷத்தில் பாதி நாள் ஆடுதான் மேயும். இங்கே கரை வரைக்கும் தண்ணீர் நிறைந்து, அதில் மலை தலைகீழாக விழுந்து கிடந்தது. கரையை ஒட்டி பைன் மரங்கள். மரத்தடியில் சமமான தரை. மாமா கூடாரப் பையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டார்.

"இங்கன அடிச்சிருவோம் அத்தான். இதவிட நல்ல எடம் கெடைக்காது."

அப்பா குனிந்து, தரையில் கிடந்த பைன் சருகை ஒரு கை அள்ளி உள்ளங்கையில் வைத்து நசுக்கினார். அது பொடிப்பொடியாக உதிர்ந்தது. மூக்கில் வைத்து முகர்ந்து வேறு பார்த்தார். "எம்புட்டுக் காஞ்சிருக்கு பாரு மாப்ள. மருந்து மாதிரில்ல இருக்கு" என்றார். அவ்வளவுதான். அந்த இடம் தேறவில்லை.

அடுத்தது, மரங்களே இல்லாத, பசும்புல் மட்டுமே இருந்த ஒரு மேடு. ஏரி கொஞ்சம் தள்ளி, ஆனால் நன்றாகவே தெரிந்தது. எனக்குச் சம்மதம். தம்பி அங்கேயே புரள ஆரம்பித்துவிட்டான். அப்பா மேட்டைச் சுற்றி வந்தார். உள்ளே வர ஒற்றையடிப் பாதை ஒன்றுதான், பின்பக்கம் சரிவு. "ஒரு பக்கந்தான் வழி. அது அடைச்சுக்கிட்டா எங்கிட்டு ஓடுவீக?" என்று கேட்டார். எது அடைத்துக்கொள்ளும், நாங்கள் ஏன் ஓட வேண்டும் என்று நான் கேட்டேன். மாமா பையைத் தூக்கித் திரும்பவும் தோளில் போட்டார். தம்பியைப் புல்லிலிருந்து பிய்த்தெடுத்துக்கொண்டு போனோம்.

மூன்றாவது இடம்தான் எல்லாரும் தங்குகிற இடம். ஏரியின் வளைவில் ஒருவர் கூடாரங்களை வரிசையாக அடித்து வாடகைக்கு விட்டிருந்தார். சொந்தக் கூடாரம் கொண்டு வருகிறவர்களுக்கும் இடம் கொடுப்பார். குழாய் இருந்தது, கழிப்பறை இருந்தது. என் வயதுப் பிள்ளைகள் ஏரியில் முழங்கால் வரை இறங்கி நின்றார்கள். முன்வரிசையில் தண்ணீருக்குப் பத்தடி தூரத்தில் சரியாக இரண்டு கூடாரத்துக்கு இடம் காலியாக இருந்தது. எனக்காகவே விட்டு வைத்தது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இப்போது நினைத்தாலும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

அப்பா காலடி வைத்து அளக்க ஆரம்பித்தார். ஒரு கூடாரத்துக்கும் அடுத்த கூடாரத்துக்கும் எத்தனை எட்டு என்று எண்ணிக்கொண்டே வரிசை முழுவதும் நடந்தார். யார் யாரோ தங்கியிருந்த கூடாரங்களின் கயிறுகளைத் தாண்டித் தாண்டிப் போனார். உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். திரும்பி வந்தவர் அந்த இடத்துக்காரரிடம், இரண்டு கூடாரத்துக்கு நடுவில் ஓர் ஆள் படுக்கக்கூட இடமில்லையே, இடையில் அடுப்பு வேறு வைத்திருக்கிறார்களே என்றார். அவர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"லீவு நாளு சார். இப்ப இப்படித்தான் போடுவோம். யாரும் ஒண்ணும் சொன்னதில்ல."

அப்பா கத்தி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. வீட்டில் பால்காரரிடம்கூட குரலை உயர்த்தாத மனுஷன். அன்றைக்கு அந்த ஏரிக்கரையில் அத்தனை பேர் முன்னால் கத்தினார்.

"யாரும் சொல்லலன்னா சரியாப் போச்சா? எடம் எத்தன பேருக்கு, நீ எத்தன பேர அடைச்சு வச்சிருக்க? ஒண்ணுல தீப் பிடிச்சா ஒம்பதும் போகும். உள்ள புள்ளைக படுத்திருக்குமே, அத நெனச்சியா? எனக்கென்னன்னு ஆளச் சேத்துக்கிட்டே போனா போதுமா?"

"இது வெறும் துணிதான சார்" என்றார் அந்த மனிதர், நிஜமாகவே புரியாமல். அப்பா அவர் பக்கம் இன்னும் ஓர் எட்டு வைத்தார். அம்மா போய் அவர் முழங்கையைப் பிடித்து, "ஏங்க, வாங்க போவோம்" என்று மட்டும் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தாள். தண்ணீரில் நின்ற பிள்ளைகள் எல்லாம் எங்களையே பார்த்தார்கள். அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைசியில் அப்பாவுக்குப் பிடித்த இடம், மலைக்கு இந்தப் பக்கம், கேரட் பிடுங்கிவிட்டு உழுது போட்டிருந்த தோட்டம். புல் இல்லை, சருகு இல்லை, மரம் இல்லை, பக்கத்தில் ஆள் இல்லை. நாலு பக்கமும் ஓடலாம். தோட்டக்காரரே எங்களைப் பரிதாபமாகப் பார்த்து, அங்கே ஏரி இருக்கிறதே என்று கை காட்டினார். அந்தத் தோட்டத்திலிருந்து தெரிந்த ஒரே நீர்நிலை, பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி.

இரண்டு கூடாரத்தையும் ஒன்றுக்கொன்று கூப்பிட்டால்தான் கேட்கிற தூரத்தில் அடிக்க வைத்தார். முன் ஜிப், பின் ஜிப் இரண்டும் பாதி திறந்தே இருக்க வேண்டும் என்றார். மாமா கொண்டுவந்திருந்த காஸ் அடுப்பு, சுவிட்சைத் திருகினால் தானே பற்றிக்கொள்கிற ரகம். லைட்டர் சோதனையில் அது தப்பித்திருந்தது. அதைத் தோட்டத்தின் அடுத்த மூலையில் வைத்துத்தான் மாமா நூடுல்ஸ் கிண்டினார். அது எங்களிடம் நடந்து வந்து சேருவதற்குள் ஆறிக் கட்டியாகிவிட்டது. விறகு போட்டுக் குளிர் காய்வது பற்றி மாமா வாயே திறக்கவில்லை.

இதோடு விட்டாரா என்றால் இல்லை. சாப்பிட்டதும் என்னையும் தம்பியையும் கூடாரத்துக்குள் படுக்கச் சொன்னார். அவர் கையைத் தட்டினால் உடனே எழுந்து, செருப்பைத் தேடாமல், எதையும் எடுக்காமல், தண்ணீர்த் தொட்டி வரை ஓட வேண்டும். முதல் தடவை நான் ஸ்வெட்டரை எடுத்தேன் என்று திரும்பவும் படுக்க வைத்தார். இரண்டாம் தடவை தம்பி கயிற்றில் தடுக்கி விழுந்தான். நாலு தடவை ஓடினோம். தோட்டக்காரரின் மனைவியும் மருமகளும் வேலி ஓரத்தில் நின்று சிரித்ததை நான் பார்த்தேன். நாலாவது தடவை சரியாக ஓடியதும் அப்பா என் தலையில் கை வைத்து, "இப்படித்தான் ஓடணும்" என்றார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

மறுநாள் காலையில் தம்பியை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறி ஏரியைப் பார்த்தேன். அந்தக் கூடாரங்கள் எல்லாம் வரிசையாக அப்படியே இருந்தன. ஒன்றும் எரிந்திருக்கவில்லை. ஒரு சிறுமி, என்னைவிடச் சின்னவள், ஜிப்பைத் திறந்து தலையை நீட்டிக் கொட்டாவி விட்டாள். அவள் எதிரே ஏரி. யாரும் அவளைப் போட்டோகூட எடுக்கவில்லை. அவளை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது.

என்னை மாமா எடுத்த போட்டோவில் நான் முறைத்துக்கொண்டிருக்கிறேன், பின்னால் தொட்டி.

மலை இறங்கும்போது மாமா காரில் பாட்டுப் போட்டார். முன் சீட்டில் அப்பா. பின்னால் அம்மாவுக்கும் தம்பிக்கும் நடுவில் நான். ஒவ்வொரு வளைவிலும் என் கோபத்துக்கு ஒரு புது வாக்கியம் கிடைத்துக்கொண்டே வந்தது. கடைசியில் சொல்லிவிட்டேன்.

"அங்கன ஒண்ணுமே எரியலியே. காலையில பாத்தேன்."

"எரியலங்கிறதால அது சரின்னு ஆயிருமா?" என்றார் அப்பா, திரும்பாமல்.

"அப்ப ஒங்க கம்பெனியில மட்டும் எல்லாம் ரூல்படிதான் நடக்குதாக்கும்?"

எனக்கு அந்தக் கம்பெனியைப் பற்றி ஒன்றும் தெரியாது. குத்த வேண்டும் என்று கேட்டேன், அவ்வளவுதான். அப்பா சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா என்னைக் கன்னத்தில் அறைந்தாள். அதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, அம்மா என்னை அடித்ததே இல்லை. மாமா பாட்டை நிறுத்தினார்.

கல்லூரிக்குப் போன பிறகு ஒரு தீபாவளிக்கு முன்னால், வீட்டில் மறந்துவிட்டுப் போன மாத்திரையைக் கொடுக்க அப்பாவின் கம்பெனிக்குப் போனேன். வாசலில் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். மருந்து அடைக்கும் அறையின் சுவரில், நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. உள்ளே பதினொரு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வாசலை மறித்து அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். அப்பா வெளியே நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை நான் சொல்ல மாட்டேன். மாத்திரையை வாங்கிக்கொண்டு, "நீ போம்மா, இங்கன நிக்காத" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டபோது சொன்னாள். அப்பா முதலாளியிடம் சொல்லாமல் இல்லை. மூன்று முறை சொல்லியிருக்கிறார். மூன்றாவது முறை முதலாளி நாற்காலியில் உட்கார வைத்து, காபி கொடுத்து, சான்றிதழ் வைத்திருக்கிற ஆட்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று தன்மையாகச் சொல்லியிருக்கிறார். அதுவும் நாங்கள் மலைக்குப் போனதற்கு முந்தின வாரம். அப்பா அங்கே வேலை பார்த்தவரைக்கும் விபத்து எதுவும் நடக்கவில்லை. அது தன்னால் அல்ல என்று அவருக்குத் தெரியும். வேலை முடிந்து அந்தப் பெண்கள் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகுதான் அவர் சைக்கிளை எடுப்பாராம். என் கோபத்தின் மறுபாதி அந்தக் காபி கொடுத்த மனிதர்மேல் இருக்கிறது. அவர் எங்கள் தெருவில் எல்லாருக்கும் மரியாதையான ஆள். என் கல்யாணத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்குக் காரில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும். கன்னம் எரிந்தது, அழுகை வந்தது, அதைவிட அதிகமாகப் பெருமை வந்தது. ஏரிக்கரையில் அத்தனை பேர் முன்னால் கத்தியவர், என் ஒற்றைக் கேள்விக்குப் பதில் இல்லாமல் சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.